லாவோஸில் காப்புக் கட்டு

நவம்பர் 11, செவ்வாய். ஹுவாய் சாய்

தாய்லாந்துப் பக்கத்திலிருந்து பாலம் தாண்டி லாவோஸுக்குள் வந்து சேர்ந்துவிட்டோம், நானும் மதினியும். அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்கிற முறையில் இந்தப் பயணத்தின் முழுப் பொறுப்பும் என்னுடையது. மதினியின் பொறுப்பு ஊறுகாய், பருப்புப்பொடி, கூட வருவது.

திட்டம் சுலபமானது. மீகாங் ஆற்றில் படகேறி லுவாங் பிரபாங். பிறகு வடக்கே மலைக்கும் ஒரு சிற்றூருக்கும். கடைசியில் தலைநகர் வியன்டியான். இருபத்தைந்தாம் தேதி மதினி அங்கிருந்தே மெல்போர்னுக்கு விமானம் ஏறுகிறார். மகன் ராஜ்மோகன் அங்கே இருக்கிறான். இனி மதினிக்கு அதுதான் வீடு. நான் அருப்புக்கோட்டைக்குத் திரும்புவேன். அப்பா எனக்கு எழுதிவைத்த வீட்டில், அண்ணன் இறந்தபிறகு, நானும் மதினியும் மட்டும்தான் இருந்தோம். இனி நான் மட்டும். வீடு விசாலமாக இருக்கும். டிவி ரிமோட் நிரந்தரமாக என் கையில் இருக்கும்.

விசா வந்த அன்று மதினி அடுப்படியில் நின்றுகொண்டு, "மங்கை, நான் போகட்டுமா?" என்று கேட்டார். "என்னைய எதுக்குக் கேக்குறீங்க? தாராளமாப் போங்க. எனக்கென்ன?" என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். மதினி குழம்பைக் கிண்டினார்.

ராஜ்மோகன் சென்னையிலிருந்து நேராக டிக்கெட் போடுகிறேன் என்றான். நான்தான் தடுத்தேன். "உங்கம்மா மதுரையத் தாண்டி எதையும் பாத்ததில்ல. மெதுவா நாலு ஊரைப் பாத்துட்டு வரட்டும்டா" என்றேன். மெதுவாகப் பயணம் போவதுதான் இப்போது உலகமெங்கும் மோஸ்தர் என்று படித்திருக்கிறேன். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

நவம்பர் 12, புதன். படகில்

இந்த ஆற்றில் விரைவுப் படகும் உண்டு. தலையில் ஹெல்மெட் மாட்டி உட்காரவைத்து ஒரே நாளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறான். மெதுப்படகு இரண்டு நாள். எதில் ஏறினோம் என்று எழுதத் தேவையில்லை.

படகு ஒரு கல்யாண மண்டபத்தின் நீளம். பழைய வேன்களிலிருந்து கழற்றிய சீட்டுகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் காடு. கரையில் எருமைகள் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்கத் தகுந்த விஷயம் இல்லை என்று தலையைத் திருப்பிக்கொள்கின்றன. காலையில் நான் படகின் முனையில் நின்று உடற்பயிற்சி செய்தேன். இரண்டு ஜெர்மானியப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மதினி உட்கார்ந்த இடத்திலிருந்து கையை மட்டும் ஆட்டி ஒத்துழைப்புக் கொடுத்தார்.

மதினிக்கு ஆங்கிலம் வராது. அது எனக்குத்தான் கவலை, அவருக்கு இல்லை. எல்லோரிடமும் தமிழிலேயே பேசுகிறார். மத்தியானத்துக்குள் படகோட்டியின் மனைவிக்கு எத்தனை பிள்ளைகள், மாமியார் எப்படி என்பது வரை தெரிந்துகொண்டார். நான் அந்தப் பெண்ணிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் புரியவைக்கவே படாத பாடு பட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி. லுவாங் பிரபாங்

துணி துவைத்தேன். நான் துணி பிழிவதைப் பார்த்தால் அந்தத் துணி என்ன பாவம் செய்ததோ என்று இருக்கிறதாம். சொன்னது மதினி.

நவம்பர் 16, ஞாயிறு. லுவாங் பிரபாங்

விடிகாலையில் பிட்சுக்கள் வரிசையாக வீதியில் வருகிறார்கள். ஜனங்கள் பாயில் உட்கார்ந்து ஆளுக்கொரு உருண்டைச் சோறு போடுகிறார்கள். இந்த ஊர்ச் சோறு கையில் உருட்டினால் களிமண் மாதிரி ஒட்டும். மதினியும் உட்கார்ந்து போட்டார். கடைசியில் வந்த குட்டிப் பிட்சுக்கு மட்டும் உருண்டை பெரியதாக இருந்தது. "வளர்ற புள்ள" என்றார்.

இங்கிருந்து எங்களோடு ஒரு வழிகாட்டி வருகிறாள். பெயர் கம்லா. நாற்பது வயதிருக்கும், நல்ல சிரிப்பு, நல்ல ஆங்கிலம். மதினி முதல் நிமிடத்திலேயே அவளைக் கமலா ஆக்கிவிட்டார். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். நாளை புறப்பட வேண்டியதை நாளை மறுநாள் என்று நான் மாற்றியபோது கமலா தன் கைபேசியில் தேதியைச் சரிபார்த்தாள். "மேடம், பிரெஞ்சுக்காரர்கள்கூட இவ்வளவு மெதுவாகப் போய் நான் பார்த்ததில்லை" என்றாள். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 18, செவ்வாய். நோங் கியாவ்

இன்றுதான் உண்மையான சாகசம். ஊருக்கு மேலே செங்குத்தாக ஒரு மலை. உச்சியிலிருந்து ஆறு முழுவதும் தெரியும் என்று எல்லோரும் ஏறுகிறார்கள். நான் மலையேற்றச் சப்பாத்து, தொப்பி, கழுத்தில் விசில். மதினி சேலையைத் தூக்கிச் செருகி, கேன்வாஸ் ஷூவோடு.

பாதி வழியில் நான் நான்கைந்து இடங்களில் நின்றேன். அந்தப் பக்கத்துத் தாவரங்கள் கவனித்துப் பார்க்கத் தக்கவை. மதினி மேலேயிருந்து, "செடியப் பாத்தது போதும், முட்டிய நீவிட்டு வா" என்று கத்தினார்.

உச்சியில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றோம். கீழே ஆறு அசையாமல் கிடக்கிற மாதிரி தெரிந்தது.

"அவன் வீட்டுப் பக்கம் ஒரே சமதரையாம்டி" என்றார் மதினி.

"நல்லதாப் போச்சு. உங்களுக்கு நடக்கச் சுலபம்."

"நீ தனியா இருந்துக்கிருவியா?"

"ஏன், எனக்குக் கை காலு இல்லையா?"

"இல்ல, கேட்டேன்."

இறங்கும்போது கமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கச் சொல்லி மதினி ஜாடை காட்டியதை நான் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன். ஆற்றங்கரைச் சிற்றூர்

நீளமான ஒல்லிப் படகில் ஆற்றில் மேலே வந்தோம். மலைகளுக்கு நடுவில் ஒரு சிற்றூர். பெயர் என் வாயில் நுழையவில்லை. எல்லா வீடும் மரத்தூண்களின் மேல் நிற்கிறது, அடியில் கோழிகளும் வாத்துகளும். புவா என்கிற அம்மாள் வீட்டில் தங்கியிருக்கிறோம். அவளுடைய ஒரே மகள் மணிவன், நர்ஸ் படிப்புக்காக வியன்டியான் போகிறாள். நாளை அதற்காக வீட்டில் ஒரு சடங்காம். செல்போன் டவர் புத்தர் கோயில் முற்றத்தில் மட்டும்தான் கிடைக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

சடங்குக்குப் பெயர் பாசி. வெள்ளித் தட்டில் வாழையிலையைச் சுருட்டிக் கோபுரம் மாதிரி கட்டி, நுனியெல்லாம் சாமந்திப் பூ செருகியிருந்தார்கள். வெள்ளை நூல்கள் அதிலிருந்து தொங்கின. மதினி அதைப் பார்த்ததும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். யாரும் அழைக்கவில்லை.

ஒரு பெரியவர் ராகம் போட்டு ஏதோ ஓதினார். மனுஷ உடம்புக்குள் முப்பத்திரண்டு உயிர்கள் உண்டாம். காட்டிலும் வயலிலும் ஆற்றிலும் தங்கிப்போனவற்றைப் பெயர் சொல்லித் திரும்ப அழைக்கிறாராம். கமலா சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"முப்பத்திரண்டா? ஒண்ணையே மேய்க்க முடியல" என்றார் மதினி.

பிறகு நூலை எடுத்து எல்லோரும் எல்லோருக்கும் மணிக்கட்டில் கட்டிவிட்டார்கள். புவா மகளுக்குக் கட்டும்போது அழுதாள். எங்களுக்கும் கட்டினார்கள். மதினி எனக்குக் கட்டும்போது வாய்க்குள் என்னவோ சொன்னார். என்ன என்று கேட்கவில்லை. நான் மதினிக்குக் கட்டும்போது முடிச்சு சரியாக விழவில்லை. ஊதுபத்திப் புகை கண்ணில் பட்டுவிட்டது. மூன்று நாள் இந்த நூலைக் கழற்றக் கூடாதாம்.

மூன்று நாள் என்றதும்தான் எனக்கு அது தோன்றியது. நம் ஊரில் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டி வெளியூரில் தங்கக் கூடாது. நான் இதையெல்லாம் பார்க்கிறவள் இல்லை. காப்புக் கட்டியபிறகு பிள்ளைகளைக் கபடிப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஊரே திட்டியும் அசையாமல் நின்றவள். இருந்தாலும் அந்நிய மண்ணில் ஒழுங்கு முக்கியம்.

"மதினி, காப்புக் கட்டியாச்சு. மூணு நாளைக்கு நாம எல்லை தாண்டக் கூடாது" என்றேன்.

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு, நீயா சொல்ற?"

"அம்மன் எந்த ஊர்ல இருந்தாலும் அம்மன்தான மதினி."

"இங்க ஏதுடி அம்மன்?"

"எங்கிட்டாவது இருப்பா."

"சரி" என்றார் மதினி.

கமலா என்னவோ விளக்க வந்தாள். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், காலையிலிருந்து தொண்டை வறளப் பேசியிருக்கிறாள்.

நவம்பர் 21, வெள்ளி

எங்களுக்கென்று சொல்லிவைத்திருந்த காலைப் படகில் நாங்கள் ஏறவில்லை. மணிவன் ஏறினாள். ஊரே கரைக்கு வந்தது. அந்தப் பெண் கையாட்டியபோது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வெள்ளை நூல். மதினி அதைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள கையிலயும் காப்பு இருக்கே."

"அது அவுக வழக்கம். நமக்கு நம்ம வழக்கம்."

"சரி."

மதினியின் 'சரி' எனக்குப் பிடிப்பதில்லை. சண்டை போட்டால்கூடப் பதில் சொல்லலாம்.

புவா வீட்டுக்குத் திரும்பி ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மதினி ஒரு கூடை அவரையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இவர் தமிழில் பேச, அவள் லாவோவில் பேச, மத்தியானம் வரைக்கும் உரித்தார்கள். எனக்கு அங்கே இடமில்லை. துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கமலா என்னைப் பிடித்துக்கொண்டாள். இந்த நூல் போகிறவர்களுக்குக் கட்டுகிற நூலாம். தூரதேசம் போகிறவர்களின் உயிர்களில் ஒன்றிரண்டு பழைய வீட்டிலேயே தங்கிவிட்டால் உடம்புக்கு ஆகாதாம். எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்துக் கட்டி அனுப்பிவைப்பதாம். "போகக் கூடாது என்று இல்லை மேடம். நல்லபடியாகப் போ என்றுதான்" என்றாள்.

இதை மதினியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கமலா சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று தெரியவில்லை. மதினிக்கு ஆங்கிலம் தெரியாதது எவ்வளவு வசதி.

கோயில் முற்றத்துக்குப் போய், இன்று படகேறவில்லை என்று செய்தி அனுப்பியதும் ராஜ்மோகன் கூப்பிட்டுவிட்டான். "அத்தை, படகை ஏன் விட்டீங்க? இருபத்தஞ்சாம் தேதி ஃப்ளைட்டு!"

"காப்புக் கட்டியிருக்குடா."

"அத்தை, நீங்களா பேசுறது?"

தாயைப் போலப் பிள்ளை, கேட்கிற கேள்விகூட ஒன்றுதான். இருபத்துமூன்றாம் தேதிப் படகைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்விடலாம் என்று கணக்குச் சொன்னேன். அதை விட்டால் போக முடியாது. அதையும் சொன்னேன்.

நவம்பர் 22, சனி

காலையில் கயாக் ஓட்டினேன். ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற சிறு படகு அது. ஆற்றின் நடுவரைக்கும் போய்த் திரும்பி, கரைக்கு வருகிற சமயத்தில், முழங்கால் தண்ணீரில் கவிழ்ந்தேன். மதினி சேலையைத் தூக்கிக்கொண்டு இறங்கி என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். "மாவட்ட சாம்பியன எந்திரிக்கச் சொல்லுங்க" என்று கரையிலிருந்தவர்களிடம் தமிழில் சொன்னார். அவர்கள் கைதட்டினார்கள்.

மத்தியானம் மதினி பெட்டியைப் பிரித்து அடுக்கினார். தன்னுடையது ஒரு பக்கம், எனக்குக் கொடுப்பது ஒரு பக்கம். மிச்சமிருந்த பருப்புப்பொடி முழுவதும் என் பக்கம் வந்தது.

"பின்கதவுத் தாழ்ப்பாளத் தூக்கிப் போடணும், இல்லாட்டி விழாது. மழை நின்னதும் முருங்கையில கம்பளிப்பூச்சி வரும், வெறுங்கையோட போகாத. பிரஷர் மாத்திரையக் காலையிலேயே போட்டுரு. காப்பி குடிச்சதும் மறந்துருவ."

"எல்லாம் தெரியும் மதினி."

"தெரியும். செய்யணும்ல."

அண்ணன் கல்யாணமாகி இவரைக் கூட்டிவந்தபோது நான் கல்லூரி விடுதியிலிருந்து லீவுக்கு வந்திருந்தேன். ட்ராக் சூட் போட்டுக்கொண்டு ஓடப் போகிறாள் என்று அம்மா கத்தினாள். புதுப்பெண் உள்ளேயிருந்து வந்து, "ஓடட்டும் அத்தை, பசி எடுத்தாத் தன்னால வருவா" என்றார். அன்றிலிருந்து எனக்கென்று ஒரு தட்டில் எடுத்து மூடிவைக்கிற ஆள் இவர்தான். நான் கல்யாணம் வேண்டாம் என்றபோது ஏன் என்று கேட்காத ஒரே ஆளும் இவர்தான்.

மதினி போவது எனக்குப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன். அந்த வீட்டில் ஒருத்தியாக எழுந்து, ஒருத்தியாக உலை வைத்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்துக்கொள்வதை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆனால் பெற்ற பிள்ளை கூப்பிடுகிறான். நாத்தனார் எந்த முகத்தோடு இருங்கள் என்பது?

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் புவா எங்கள் நூல்களை அவிழ்த்துவிட்டாள். வெட்டக் கூடாதாம், அவிழ்க்கத்தான் வேண்டுமாம். இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிற மாதிரி இருக்கிறதே என்று விரலை மடக்கினேன். "போதும்டி, அம்மன் மலையேறிட்டா" என்றார் மதினி.

படகு தயாராக நின்றது. கமலாவும் மதினியும் ஏறி உட்கார்ந்தார்கள். நான் தண்ணீரில் நின்று பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பெரிய பெட்டி, சின்னப் பெட்டி, ஊறுகாய்ப் பை. கடைசியாக என்னுடைய பை. அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். படகோட்டி மோட்டாரைப் போட்டுவிட்டான். அந்த மோட்டார் நம் ஊர் மாவு மில் போலச் சத்தம் போடும்.

"ஏறு மங்கை" என்றார் மதினி.

"போகாதீங்க மதினி" என்றேன்.

"என்ன?"

"போகாதீங்க."

மதினி காதில் கையை வைத்துக் காட்டினார். "மோட்டார் சத்தம்! ஒண்ணும் கேக்கல!"

கமலா ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றுமில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மைதானத்தின் ஒரு மூலையில் நின்று மறுமூலையில் நிற்கிறவளை வரிசையில் நிறுத்துகிற தொண்டை இது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "போகாதீங்க மதினி! என்னால தனியா இருக்க முடியாது!" என்று கத்தினேன்.

முதல் வார்த்தையிலேயே படகோட்டி பயந்துபோய் மோட்டாரை நிறுத்திவிட்டான். அதனால் மீதியெல்லாம் அப்படியே ஊர் முழுக்கக் கேட்டது. கரையில் வாத்துகள் சிதறி ஓடின. தமிழ் தெரியாத ஊர் என்பதுதான் ஒரே ஆறுதல் என்று திரும்பிப் பார்த்தால், புவா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

மதினி படகிலேயே எழுந்து நின்றார்.

"இதத்தானடி அடுப்படியில நின்னு கேட்டேன். எனக்கென்னன்னுட்ட. அது உங்கப்பா உனக்கு எழுதிவச்ச வீடு. அதுல உங்கண்ணன் இருந்தவரைக்கும் நான் வீட்டுக்காரி. அவுக போனதுக்கப்பறம் நான் யாரு? இருங்கன்னு நீ சொல்லாம நான் எப்படி இருப்பேன்? எம்புட்டு மெதுவாக் கூட்டிட்டுப் போற, எங்கயாவது ஒரு எடத்துல சொல்லிருவன்னு ஒவ்வொரு ஊராப் பாத்துட்டு வாரேன். கடேசில காப்புங்கிற, அம்மங்கிற! கமலா அன்னிக்கே கையக் கால ஆட்டி எனக்கு எல்லாஞ் சொல்லிட்டா."

கமலா இன்னும் ஆகாயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப மொதத் தடவ சொன்னது காதுல விழுந்துச்சா?" என்று கேட்டேன்.

"விழுந்துச்சு. கையக் குடு, எறங்குறேன்."

கையைக் கொடுத்தேன். இறங்கினார். சேலை நனைந்தது பற்றி இரண்டு பேருக்கும் கவலை இல்லை. எடுத்துக் கொடுத்த பைகளையெல்லாம் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, இருவரும் கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதோம். படகோட்டி காத்திருந்தான். இந்த ஊரில் யாருக்கும் அவசரம் கிடையாது.

பிறகு கோயில் முற்றத்துக்குப் போனோம். மதினி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"ராசா, அம்மா வரல. உங்கத்தை விட மாட்டேங்குறா."

"கேட்டாங்களா? அவங்களே வாயைத் தெறந்து கேட்டாங்களா?"

"ஊருக்கே கேட்டுச்சு."

ராஜ்மோகன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அத்தைகிட்டக் குடும்மா" என்றான். நான் வாங்கினேன்.

"அத்தை, எனக்கும் அம்மா வேணும் அத்தை. ரூமெல்லாம் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கேன்."

சின்னப் பையனாக இருந்தபோது விளையாட்டில் தோற்றால் இதே குரலில்தான் பேசுவான். ஜெயித்தது நான், தோற்றது அந்தப் பிள்ளை. அவன்மேல் தப்பே இல்லை.

"பெயின்ட் அடிச்சது வீணாப் போகாதுடா. உங்கம்மா கோடைக்கு அங்க வருவாக. நானும் வருவேன். திரும்பி நாங்க ரெண்டு பேருமா ஊருக்கு வந்துருவோம்" என்றேன்.

"நீங்களுமா?"

"கூட்டிட்டு வர ஆள் வேணும்ல."

"எவ்வளவு மெதுவா வருவீங்க அத்தை?" என்று கேட்டான். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் கேட்டான்.

நவம்பர் 24, திங்கள்

இந்த ஊர் நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்கிறார் மதினி. எனக்கு அலுத்துவிட்டது. ஒரு ஆற்றை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? வீட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது. அருப்புக்கோட்டைக்குச் சீக்கிரமாகப் போய்ச் சேர என்ன வழி என்று கமலாவிடம் விசாரித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு சிரிக்கிறார்கள்.